நிலவறையில் ஒரு வெத்திலைக் கறை

சிவரூபினி பல் மருத்துவர். தெற்கு லண்டனில், குரோய்டனில் ஒரு கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிறவள். தாடையெலும்பை எக்ஸ்ரேயில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது காண்கிறவளுக்கு எலும்பைக் கண்டு பயம் வரக் கூடாதுதான். ஆனாலும் மகள் கூப்பிட்ட இடத்துக்குப் போவதா விடுவதா என்று அந்தச் சனிக்கிழமை காலையில் மூன்று தரம் மனம் மாறினாள்.

"மூவாயிரம் பேரின்ர எலும்பு அம்மா. சுவர் முழுக்க. டிசைன் மாதிரி அடுக்கி வச்சிருக்கினம்" என்று மகள் டிலக்சனா ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லண்டன் நகரின் நடுவில், கண்ணாடி வங்கிக் கட்டடங்களுக்குள் நெரிபட்டு நிற்கிற ஒரு பழைய தேவாலயம். அதன் நிலவறையை வருடத்தில் இரண்டே நாள்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் டிலக்சனா கோடை விடுமுறை முழுக்க அங்கே சம்பளமில்லாமல் உதவிக்குப் போய்வந்தாள். இன்றைக்கு முதல்முறையாக அவளே ஆட்களை உள்ளே கூட்டிப்போய் விளக்கம் சொல்லப் போகிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை இவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது தாய் எப்படிப் போகாமல் இருப்பது?

"நீங்களும் வாங்கோவன்" என்று கணவர் ஆனந்தராஜாவைக் கேட்டுப் பார்த்தாள். அவர், அவர்கள் குடியிருக்கும் மிச்சம் (Mitcham) என்ற ஊரில் குடும்ப டொக்டர்.

"எனக்கு இண்டைக்கு நோயாளியளைப் பாக்கிற நாள். நீர் போயிட்டு வாரும்" என்றார் அவர்.

மிச்சம் ஜங்ஷனில் ரெயின் ஏறினாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தலையில் தண்ணீர் வார்த்துக் குளிக்க வேண்டும், அதுவரைக்கும் சுவாமி அறைப் பக்கம் போகக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

நிலவறைக்கு இறங்குகிற படி ஒரு ஆள் போகக்கூடிய அளவுக்குத்தான் அகலம். பன்னிரண்டு பேர் வரிசையாக இறங்கினார்கள். கீழே போகப் போகக் குளிர்ந்தது. சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்த ஒரு மணம். கடைசிப் படியில் காலை வைத்துத் தலையை நிமிர்த்தினவள், கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மகள் சொன்னபோது ஏதோ ஒரு மூலையில் எலும்புகளைக் குவித்து வைத்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்கே சுவர் என்று ஒன்றே இல்லை. தரையில் இருந்து கூரை வரைக்கும் தொடையெலும்புகள் விறகு மாதிரி நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் உருண்டை முனைகள் மட்டும் வெளியே தெரிந்தன. அடுக்குகளுக்கு நடுவே நேர் கோடாக மண்டையோடுகள். தூண்களைச் சுற்றி முள்ளந்தண்டுக் கணுக்களைக் கோத்து மாலை போலச் சுற்றியிருந்தார்கள். கூரை வளைவில் விலா எலும்புகளால் செய்த ஒரு பூ. யாரோ நேரமெடுத்து, பொறுமையாக, அழகு பார்த்துச் செய்த வேலை அது. அந்த அழகைத்தான் அவளால் தாங்க ஏலவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் "ஓ மை காட்" என்று முணுமுணுத்தார்.

டிலக்சனா கறுப்புச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக நடுவில் நின்றாள். குரல் கொஞ்சம் நடுங்கினாலும் தெளிவாகச் சொன்னாள். முன்னூறு வருடத்துக்கு முன்பு தேவாலயத்து மயானம் நிரம்பி வழிந்ததாம். புதுப் பிணங்களுக்கு இடம் வேண்டிப் பழைய எலும்புகளைத் தோண்டியெடுத்து இங்கே இறக்கினார்களாம். அவற்றை இப்படி அடுக்கியவர் ஒரு சாதாரணக் குழிவெட்டி. பதினோரு வருடமாக அடுக்கியிருக்கிறார். "இவற்றைக் காட்சிப் பொருட்களாகப் பார்க்காதீர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது" என்று ஆங்கிலத்தில் அவள் முடித்தபோது, தாய்க்குப் பயமெல்லாம் போய்விட்டது. என்ர பிள்ளை எவ்வளவு வடிவாகக் கதைக்குது!

பிறகு பத்து நிமிடம் சுற்றிப் பார்க்கலாம் என்று விட்டார்கள். மற்றவர்கள் மெல்லமாக நகர்ந்தார்கள். சிவரூபினிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மண்டையோடுகளின் கண்குழிகளைப் பார்க்க ஏலவில்லை. ஆகவே தனக்குப் பழக்கமான இடத்தைப் பார்த்தாள். பற்களை.

பற்களைப் பார்க்கத் தொடங்கியதும் மனம் தானாகவே நிதானப்பட்டது. அநேகமான தலைகளுக்குக் கீழ்த்தாடை இல்லை. மேல் தாடைகளில் இருந்த பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. அரைகல்லின் துகள் கலந்த மாவில் சுட்ட ரொட்டி தின்று தேய்ந்த பற்கள். இந்த மனுசனுக்கு இடப்பக்கக் கடைவாயில் பெரிய கட்டி இருந்திருக்கிறது, எலும்பையே துளைத்திருக்கிறது, பாவம், எவ்வளவு நோவைத் தாங்கியிருப்பான். இது வயதான ஆள், பல் எல்லாம் எப்போதோ விழுந்து, குழிகளை எலும்பு மூடிவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வாசல் வளைவுக்கு இடப்பக்கம், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மண்டையோட்டின் முன் நின்றாள்.

பதினான்கு பற்கள் ஒழுங்காக இருந்தன. தேய்மானமே இல்லை. சொத்தை இல்லை. ஞானப்பல் இப்போதுதான் எலும்பை விட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுக்கு மேல் இராது. ஆனால் அவளைத் தூக்கிவாரிப் போட்டது அதுவல்ல. பற்களின் வெளிப்பக்கம் முழுக்க, முரசு, அதாவது ஈறு, இருந்த இடத்தை ஒட்டித் தடிப்பாக, செம்மண் நிறத்தில் ஒரு கறை. அந்தக் கறையை அவள் எத்தனை வாய்களில் கண்டிருக்கிறாள். எத்தனை பேருக்கு மெஷின் வைத்துச் சுரண்டியிருக்கிறாள்.

வெத்திலை.

முன்னூறு வருடத்துக்கு முன்பு செத்த லண்டன்காரருக்கு வெத்திலை எங்கேயிருந்து வந்தது?

கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். மண்டையோடு சற்றே குனிந்தபடி, மற்றத் தலைகளுக்குள் ஒடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நெற்றிக்கு மேலே மயிரிழை போல ஒரு நேர் கோடு. மரம் அரிகிற வாளால் அறுத்த கோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி பளிச்சிட்டது.

"ஐயோ" என்றாள் சிவரூபினி. சத்தமாகவே சொல்லிவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில், "இது பழசில்லை. இது இந்த இடத்து எலும்பே இல்லை. நான் டென்டிஸ்ட், எனக்குத் தெரியும். இது ஆரோ ஒரு பிள்ளை!"

எல்லோரும் திரும்பினார்கள். டிலக்சனா ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"அம்மா, கதைக்காதேங்கோ. பிளீஸ். மேல போவம்."

"என்ன கதைக்காதேங்கோ? இஞ்ச பார் பிள்ளை, வாளால அரிஞ்சிருக்கு. ஆரையோ கொலை செய்துபோட்டு இஞ்ச கொண்டந்து ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள்."

"அம்மா, ஐ பெக் யூ. வாங்கோ."

முதல் நாளிலேயே இப்படிக் குழப்பம் வந்ததில் பிள்ளைக்கு வெட்கம் என்றுதான் தாய் நினைத்தாள். அதற்குள் நிலவறையின் பொறுப்பாளர் ஹெலன் வந்துவிட்டார். எழுபது வயதுக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொக்கியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிலக்சனாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இது ஓகஸ்டில் நீ தூசு தட்டும்போது அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததை எடுத்ததாகச் சொன்னாயே, அதுதானே?"

டிலக்சனா ஓமென்று தலையை ஆட்டினாள்.

ஹெலன் எல்லோரையும் மேலே போகச் சொன்னார். பொலிசுக்கு அறிவிக்காமல் விட ஏலாது என்றார். இருபது நிமிடத்தில் இரண்டு பொலிஸ்காரர் வந்து வாசலில் நீல நாடா கட்டினார்கள். அவர்களில் ஒரு இளம் பெண், சிவரூபினியின் பெயர், விலாசம், தொழில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "நல்ல கண் உங்களுக்கு" என்று பாராட்டி ஒரு தொலைபேசி இலக்கமும் எழுதித் தந்தாள். வரிசையில் நின்ற சனமெல்லாம் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தது.

டிலக்சனாவைக் காணவில்லை. தேவாலயத்துப் பின்பக்கம் ஒரு சின்னப் பூங்கா, அதில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. அதன் பக்கத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சிவரூபினி முதுகைத் தடவிக் கொடுத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"பயந்திட்டியோ? எனக்கும்தான் நெஞ்சு படபடக்குது. ஆர் பெத்த பிள்ளையோ."

டிலக்சனா வாயைத் துடைத்தாள். தாயைப் பார்க்காமல் சொன்னாள். "அது எங்கட வீட்டில இருந்தது அம்மா."

"எது?"

"அந்த ஸ்கல். எங்கட லொஃப்ட்டில, கூரைக்குள்ள. ஒரு மரப்பெட்டிக்குள்ள. அப்பான்ர."

சிவரூபினிக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. சேர்ந்து ஒரு அர்த்தமாக வர நேரம் எடுத்தது. வந்தபோது அப்படியே வாங்கில் இருந்துவிட்டாள்.

மகள் விட்டுவிட்டுச் சொன்னாள். ஜூன் மாதம் சூட்கேஸ் எடுக்க லொஃப்ட்டுக்கு ஏறினாளாம். கிறிஸ்மஸ் லைற்றுகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி. திறந்து பார்த்து அலறிவிட்டாளாம். தாய் வேலைக்குப் போயிருந்த நேரம். தகப்பன்தான் ஓடி வந்திருக்கிறார். தான் மருத்துவம் படித்த காலத்தில் வாங்கிய எலும்புகள், அப்போது எல்லா மாணவரும் வைத்திருந்தது, ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிறன், அம்மாவுக்கு மட்டும் சொல்லாதே, அவ இந்த வீட்டில இருக்க மாட்டா என்று சொல்லியிருக்கிறார். ஜூலையில் ஏறிப் பார்த்தாளாம். பெட்டி அங்கேயே இருந்ததாம்.

"கிறிஸ்மஸ் ட்ரீக்குப் பக்கத்தில, அம்மா. ஷி வாஸ் ஆல் அலோன். இஞ்ச ஒரு தலை ஈரத்தில உடைஞ்சு போச்சு, ஒரு இடம் காலியா இருந்தது. நான் நினைச்சன், இஞ்ச வச்சா மற்ற ஆக்களோட இருப்பா எண்டு. ஹெலனுக்குப் பொய் சொன்னனான். என்ர பாக்குக்குள்ள வச்சு, ரெயினில கொண்டந்தனான்."

பத்தொன்பது வயதுப் பெண், மடியில் ஒரு பத்தொன்பது வயதுத் தலையை வைத்துக்கொண்டு மிச்சம் ஜங்ஷனில் இருந்து ரெயினில் வந்திருக்கிறாள். சிவரூபினியால் ஏசவும் ஏலவில்லை, அணைக்கவும் ஏலவில்லை.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம் நான்கு மணி. ஆனந்தராஜா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் முகத்தையும் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தத் தலை இப்ப பொலிசிட்ட இருக்கு. பெட்டியை இறக்குங்கோ" என்றாள் சிவரூபினி.

"ரூபி, கொஞ்சம் இரும். நான் சொல்லுறதைக் கேளும்."

"முதல்ல இறக்குங்கோ."

"பெட்டியில இப்ப ஒண்டும் இல்லை, ரூபி—"

"தலையை மட்டும்தான் நான் எடுத்தனான் அப்பா" என்றாள் டிலக்சனா. "மிச்சம் எல்லாம் அங்கதான் இருக்கு."

இருபத்துநாலு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறார்கள். லொஃப்ட்டுக்கு நேர் கீழே அவர்களுடைய படுக்கையறை. அதற்குக் கீழே சுவாமி அறை. அவள் வயிற்றில் டிலக்சனாவோடு படுத்திருந்தது அந்த அறையில். பிள்ளைக்குப் பால் கொடுத்தது அந்த அறையில். விரதம் பிடித்துச் சாம்பிராணி காட்டியது அதற்குக் கீழே. ஏணி இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி அவள் இதையெல்லாம் நினைத்தாள்.

பெட்டி ஒரு சின்னச் சூட்கேஸ் அளவு. பலகையில் கறுப்பு வர்ணம், கயிற்றுக் கைப்பிடி. மூடியின் உட்புறத்தில் ஆறு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் வருடம் போட்டு. மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் வாங்கிக் கைமாறி வந்திருக்கிறது. முதல் வருடம் 1961. கடைசியாக, A. Anandarajah, 1990.

உள்ளே ஒரு கை. விரலெலும்புகளை மெல்லிய கம்பியில் கோத்திருந்தது. ஒரு கால். சில விலா எலும்புகள். கயிற்றில் கோத்த முள்ளந்தண்டு. ஒரு இடுப்பெலும்பு. சின்ன ஸ்பிரிங் பூட்டிய கீழ்த்தாடை.

தொடையெலும்பில் சிவப்பு மையாலும் நீல மையாலும் கோடுகள் போட்டிருந்தது. தசைகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன என்று பாடமாக்குவதற்கு. கோடுகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்துகள். அநேகம் ஆங்கிலம். ஒரு இடத்தில் மட்டும் தமிழில், "சோதனைக்கு வரும்" என்று எழுதியிருந்தது. 'ச'வுக்குக் கொம்பு இழுத்த விதம் அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாக அந்தக் கையெழுத்தைப் பார்த்து வருகிறாள். கலியாணத்துக்கு முன்பு வந்த கடிதங்கள் அந்தக் கையெழுத்தில்தான் வந்தன.

"இவவின்ர காலில எழுதியிருக்கிறீங்கள்" என்றாள்.

ஆனந்தராஜா மூடியைச் சாத்தப் போனார். அவள் விடவில்லை.

"ஒரு கைதான் இருக்கு. ஒரு கால்தான் இருக்கு. மற்றது எங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "முழுசா வாங்க ஏலாது ரூபி. பாதி பாதியாத்தான் விப்பினம். ரெண்டு பெடியளுக்கு ஒரு ஆள்."

"மற்றப் பாதி?"

"ஆரோ வாங்கியிருப்பினம். தெரியாது."

"அவைக்குத் தலை?"

"வேற ஆற்றையோ தலையைப் போட்டுக் குடுத்திருப்பினம்."

குசினியில் கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. டிலக்சனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவரூபினி அன்று காலையில் மூவாயிரம் பேரின் எலும்புக்கு நடுவில் நின்றவள். அதெல்லாம் இந்தப் பெட்டிக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று பட்டது. அங்கே ஒரு குழிவெட்டி செத்தவர்களை அடுக்கினான். இங்கே ஒரு பிள்ளையை நெடுகப் பிளந்து இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள்.

"எங்க இருந்து வந்தது?"

"இந்தியாவில இருந்துதான் அந்தக் காலத்தில எல்லாம் வரும். பிறகு எண்பத்தஞ்சில அங்க தடை போட்டிட்டினம். ரூபி, நான் ஒருத்தரையும் கொல்லேல்ல. படிக்கிறதுக்கு வாங்கினது. எல்லாரும் வச்சிருந்தவை. இதை வச்சுத்தான் நான் டொக்டர் ஆனனான்."

"படிச்சு முடிஞ்சு முப்பது வருசம். ஏன் இன்னும் வச்சிருந்தனீங்கள்?"

"எறியவும் ஏலாது, புதைக்கவும் ஏலாது, ஆரிட்டைக் குடுக்கிறதெண்டும் தெரியேல்ல. நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டிட்டன்." அவர் கதிரையில் இருந்தார். திடீரென்று வயது போன ஆள் மாதிரித் தெரிந்தார். "பொலிசுக்கு ஒண்டும் தெரியாதுதானே. அந்தத் தலையில பேர் ஒண்டும் எழுதியிருக்காது. கொஞ்ச நாளில விட்டிடுவினம். நாங்கள் பேசாமல் இருந்தால் பிள்ளைக்கும் பிரச்சினை இல்லை. என்ர லைசன்சுக்கும் பிரச்சினை இல்லை."

சிவரூபினி கணவரைப் பார்த்தாள். நல்ல மனுசன். நோயாளிகளுக்கு நடுச்சாமத்திலும் போன் எடுக்கிறவர். ஒரு நாளும் அவளை அதட்டிப் பேசாதவர். அந்த நல்ல மனுசன்தான் இதைச் சொன்னார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

கைப்பையைத் திறந்து, பொலிஸ் பெண் எழுதித் தந்த கடதாசித் துண்டை எடுத்தாள். கூடத்தில் நின்றே இலக்கத்தை அமத்தினாள். ஆனந்தராஜா எழும்பி வந்தார். டிலக்சனா குறுக்கே போய் நின்றாள். அவர் படியில் இருந்துவிட்டார்.

"இன்று காலையில் அந்த மண்டையோட்டைக் காட்டினது நான்தான்" என்று சிவரூபினி ஆங்கிலத்தில் சொன்னாள். "அது என்னுடைய வீட்டில் இருந்தது. மிச்சமும் இங்கே இருக்கிறது. வந்து எடுங்கள்."

அவர்கள் ஞாயிறு காலையில் வந்தார்கள். மூன்று பேரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் எடுத்தார்கள். பெட்டிக்கு ஒரு ரசீது தந்தார்கள். அதில் "மனித எச்சம், பகுதி" என்று எழுதியிருந்தது. பெட்டி படி இறங்கிப் போகும்போது ஆனந்தராஜா தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

ஏழு கிழமை போனது. அந்த ஏழு கிழமையும் சிவரூபினி கீழே சோபாவில்தான் படுத்தாள். கணவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். டிலக்சனா தேவாலயத்துக்குப் போய் ஹெலனிடம் மன்னிப்புக் கேட்டாள். ஹெலன் அவளை வாசலிலேயே நிற்பாட்டி வைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னாராம். "இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆள் என்று மற்றவர்களுக்குச் சொன்னாய். நீயோ ஒரு ஓட்டையை அடைக்க ஒரு ஆளைப் பயன்படுத்தினாய்." பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அது பொய் என்று தாயால் ஆறுதல் சொல்லவும் முடியவில்லை.

கடைசியில் அறிக்கை வந்தது. மருத்துவப் படிப்புக்காக விற்கப்பட்ட எலும்புகள். இறந்து எழுபது வருடமாவது இருக்கும். தென்னாசியாவைச் சேர்ந்தவர். அநேகமாக ஒரு பெண். வயது பதினேழுக்கும் இருபதுக்கும் இடையில். குற்றம் என்று எதுவும் பதியப்படவில்லை. ஆனந்தராஜாவின் லைசன்சுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம், அல்லது உங்கள் செலவில் அடக்கம் செய்யலாம் என்று எழுதியிருந்தது.

"அவ படிப்பிச்சது போதும்" என்றாள் சிவரூபினி.

எரிப்பதா, புதைப்பதா என்ற கேள்வி வந்தது. அடக்க வேலைகளைச் செய்யும் கௌசிகன் என்ற தமிழ்ப் பெடியன் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் இருந்துகொண்டு படிவத்தை நிரப்பினான்.

"பேர் என்ன அன்ரி?"

"தெரியாது."

"சமயம்?"

வெத்திலை எல்லாச் சமயத்தவரும் போடுகிறதுதான். அவள் சைவமோ, இஸ்லாமோ, வேறெதுவோ. என்ன மந்திரம் சொன்னாலும் அது பிழையாக இருக்கலாம்.

"எரிக்கிறதுதான் எங்கட முறை" என்றார் ஆனந்தராஜா மெதுவாக. "எரிச்சால் அலுவல் முடிஞ்சிடும்."

"முடியக் கூடாது" என்றாள் சிவரூபினி. "எரிச்சால் பிறகு எப்பிடிச் சேர்க்கிறது? மற்றப் பாதி எங்கயோ ஒரு வீட்டில இருக்குமெல்லோ. எண்டைக்காவது கிடைச்சால்? புதைப்பம். முழு ஆளுக்குரிய அளவில குழி வெட்டச் சொல்லுங்கோ தம்பி."

கௌசிகன் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து எழுதினான்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கவுன்சில் மயானத்தில் அடக்கம் நடந்தது. நான்கு பேர்தான். எதிர்பாராத விதமாக ஐந்தாவது ஆளாக ஹெலன் பஸ் எடுத்து வந்து தூரத்தில் நின்றார். பெட்டியை மூடுவதற்கு முன்பு ஆனந்தராஜா ஒரு நிமிடம் கேட்டார். பழைய மாணவரைப் போல மண்டியிட்டு, ஒவ்வொரு எலும்பையும் அதனதன் இடத்தில் வைத்தார். தலை, தாடை, முள்ளந்தண்டு, வலக்கை, வலக்கால். இடப்பக்கம் முழுக்க வெறும் வெள்ளைத் துணி. தொடையெலும்பை வைக்கும்போது தன் பெருவிரலை நாக்கில் நனைத்து அந்தத் தமிழ் எழுத்துகளை அழிக்கப் பார்த்தார். அது போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். சிவரூபினிதான் குனிந்து அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவரை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான்.

அன்றிரவே அவர் தன்னோடு படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினார். தமிழர், குஜராத்திகள், வெள்ளையர் என்று நாற்பத்தியொரு பேர் இருக்கும் குழு. "என்னிடம் வலப்பக்கம் இருந்தது. பெட்டியில் முதல் வருடம் 1961. யாரிடமாவது இடப்பக்கம் இருக்கிறதா?" இரண்டு நாளாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். கராஜில் இருக்கிறது என்றார் ஒருவர். தாயின் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே என்றார் இன்னொருவர். வீடு மாறும்போது குப்பைத் தொட்டியில் போட்டேன், என்னை மன்னியுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிழமை முடிவதற்குள் ஒன்பது பெட்டிகள் தெரியவந்தன. அதில் ஐந்து, இடப்பக்கம்.

சிவரூபினி அந்தச் செய்திகளைக் கணவரின் தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வீடு. ஒன்பது லொஃப்ட். தான் ஒருத்திதான் இப்படி ஒரு பெட்டிக்குக் கீழே குடியிருந்ததாக அல்லவா நினைத்திருந்தாள்?

மறுநாள் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரம் அவளுடைய கைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் கிங்ஸ்பரியில இருந்து துஷ்யா. என்ர அவரும் உங்கட அவரும் ஒண்டாப் படிச்சவை. எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்காம், அக்கா. இப்பதான் எனக்குச் சொன்னவர். பிள்ளையளின்ர அறைக்கு மேல. நான் வெளிய காருக்குள்ள வந்து இருக்கிறன். எனக்கு உள்ள போகப் பயமாக் கிடக்கு."

"எந்தப் பக்கம் எண்டு பாத்தனீங்களோ?" என்று சிவரூபினி கேட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பயங்கரமானது என்று அவளுக்கே உறைத்தது.

மறுபக்கம் விம்மல் மட்டும் கேட்டது.

"சரி, சரி, அழாதேங்கோ. காருக்குள்ளயே இருங்கோ. பெட்டியை இப்ப திறக்க வேண்டாம்." அவள் வெள்ளை அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பின்னேரம் வரவிருந்த நோயாளிகளை வேறு நாளுக்கு மாற்றும்படி வரவேற்பு மேசைக்குச் சைகை காட்டினாள். "விலாசத்தை அனுப்புங்கோ. நான் வாறன்."